ஞாயிற்றுக்கிழமைத் தச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஞாயிற்றுக்கிழமைத் தச்சர்களே,

வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, விடுமுறை நாளில் மொட்டை மாடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ ஒரு பெஞ்சைப் போட்டு மரம் இழைக்கும் உங்களுக்குத்தான் இந்தக் கடிதம். தொழிலாகச் செய்யும் ஆசாரிகளுக்கு அல்ல. அவர்களிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை, கேட்பதற்குத்தான் நிறைய இருக்கிறது. உங்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. நீங்கள் நிறையப் படிக்கிறீர்கள். க்ரெனாவ், நகஷிமா, ஷ்வார்ஸ் என்று மரவேலை நூலாசிரியர்களைப் பெயர் சொல்லிப் பேசுகிறீர்கள். இழைப்புளியின் வாய் எத்தனை நூல் திறந்திருக்க வேண்டும் என்று மணிக்கணக்கில் வாதாடுகிறீர்கள். அதே நேரத்தில், உங்கள் பெஞ்சின் மேல் கிடக்கிற வேம்பைப் பற்றியும் பூவரசைப் பற்றியும் யாராவது ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டால் மௌனம்தான் பதில். குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் மரத்தோடு பட்ட பாட்டையெல்லாம் எழுதி அச்சிட்டு வைத்ததால் நீங்கள் கற்றீர்கள். உங்கள் மரத்தோடு நீங்கள் படும் பாடு மட்டும் சீவலோடு சேர்ந்து குப்பைக்குப் போகிறது.

அந்தப் புத்தகங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ப்ரூஸ் ஹோட்லி 1980இல் எழுதிய ‘அண்டர்ஸ்டாண்டிங் வுட்’ நூலைப் படித்தவர், ஐப்பசி மழையில் பிடித்துக்கொள்ளும் கதவை அவசரப்பட்டு இழைத்துவிட மாட்டார். மரம் வெட்டிய பிறகும் ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கிறது என்பதும், அதன் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே அது சுருங்கத் தொடங்குகிறது என்பதும், நீளவாக்கில் அந்தச் சுருக்கம் கணக்கிலேயே வராது என்பதும், வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது மையத்தை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதும் எந்த நாட்டு மரத்துக்கும் பொருந்தும். பழைய வீட்டுக் கதவுகளில் சட்டத்தின் காடிக்குள் பலகையைச் செருகி, பசை போடாமல், ஆணி அடிக்காமல் சும்மா விட்டிருப்பார்கள். அது சோம்பல் இல்லை, பலகை மூச்சு விட விட்ட இடம் என்று அந்த நூலைப் படித்தால் விளங்கும். மழையில் இழைத்த கதவு சித்திரையில் நிலைக்கும் தனக்கும் நடுவே வெளிச்சம் தெரியச் சுருங்கி நிற்பதற்கும் காரணம் அதேதான். ஆகவே தத்துவத்தில் சண்டை இல்லை.

சண்டை கணக்கில் தொடங்குகிறது. நீங்கள் படிக்கும் அமெரிக்க நூல்களில் வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு மரத்தின் ஈரம் 6 முதல் 8 சதவீதம் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். குளிர்காலம் முழுக்கச் சூடேற்றி வைத்திருக்கும் வீட்டுக்கு அது சரி. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஜன்னல் திறந்திருக்கும் கூடத்தில் பலகை 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அடைமழையில் அதற்கும் மேலே போகும். எட்டுக்குக் காய வைத்த பலகையில் இடைவெளியே விடாமல் பெட்டி இழைத்தால், அது உப்பி மூட்டைத் தள்ளும். அடுத்த கணக்கைப் பாருங்கள். வளையத்தை ஒட்டி அறுத்த 300 மில்லிமீட்டர் அகலச் சிவப்பு ஓக் பலகையின் ஈரம் நாலு சதவீதம் மாறினால், அகலம் சுமார் 4.4 மில்லிமீட்டர் மாறும். அதே அளவுத் தேக்குப் பலகை 2.2 மில்லிமீட்டர்தான் மாறும்; மையத்தை நோக்கி அறுத்த தேக்கு என்றால் 1.2. அதாவது, ஓக்குக்காக எழுதிய இடைவெளியைத் தேக்குக்கு விட்டால் வேலை தளர்ந்து கிடக்கும். தேக்குக்காவது உலகம் முழுக்கச் சந்தை இருப்பதால் அட்டவணையில் அதற்கு ஒரு வரி கிடைத்தது. பூவரசுக்கு? வாகைக்கு? மஞ்சணத்திக்கு? அந்த நூல்களின் கடைசிப் பக்கங்களில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். (டொராண்டோவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு அந்த நூல்களின் கணக்கு அப்படியே பொருந்தும். ஆனால் ஊரிலிருந்து தாத்தாவின் தேக்கு மேசையைக் கப்பலில் வரவழைக்கிறவர்கள், அங்கே முதல் குளிர்காலத்தில் அது எங்கே வெடிக்கும் என்று இப்போதே பார்த்து வையுங்கள்.)

அளவு பிசகினால் ஒரு மேசைதான் கெடும். வெளிறு, அதாவது வைரத்துக்கு வெளியே இருக்கும் இளமரம், அந்த விஷயத்தில் பிசகினால் வீட்டில் மற்ற மரமும் சேர்ந்து கெடும். அமெரிக்க நூல்கள் மேப்பிள் மரத்தைக் கொண்டாடுகின்றன. அந்த வெள்ளைப் பலகையில் பெரும்பகுதி வெளிறுதான். வைரம் அங்கே கருத்த ஓரமாக ஒதுக்கப்படுகிறது. அதைப் படித்துவிட்டு, நம் ஊர் மாமரத்தின் வெளுத்த பகுதியையும் ரப்பர் மரத்தையும் நிறம் அழகாக இருக்கிறதென்று நீங்கள் எடுத்து வைக்கிறீர்கள். நம் மரங்களின் வெளிற்றில் மாவுச்சத்து கிடக்கிறது. துளைக்கிற வண்டுக்கு அதுதான் சோறு. ஆறு மாதம் கழித்து மேசைக் காலடியில் மஞ்சள் மாவாகக் குவிந்து கிடக்கும்போதுதான் மரம் உளுத்தது தெரிகிறது. ரப்பர் மரத்தை அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றித்தான் தொழிற்சாலைகள் விற்கின்றன. பக்கத்துத் தோட்டத்தில் வெட்டி வந்த துண்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வெளிற்றைச் செதுக்கித் தள்ளாமல் உளி போடாத எந்த ஆசாரியும் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவரல்ல. ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று மனிதர்களைக்கூடச் சொல்கிற மொழியில் பிறந்துவிட்டு, வைரம் எது வெளிறு எது என்று பார்க்காமல் மரம் வாங்குவது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

ரேகைக்கும் இதே கதை. ரேகை எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் தள்ளினால் இழைப்பு வழவழப்பாக வரும் என்று புத்தகம் சொல்லும். பைனிலும் செர்ரியிலும் அப்படியே வரும். வேம்பு, வாகை, வேங்கை, தோதகத்தி ஆகியவற்றில் நார் ஓரடுக்கு வலமும் அடுத்த அடுக்கு இடமுமாகச் சாய்ந்து வளர்கிறது. ஒரே பலகையில், ஒரே தள்ளலில், ஒரு பட்டை பட்டுப்போல் வரும். ஒட்டிய பட்டை சிராய் சிராயாகப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் இதே கதிதான். நீங்கள் உங்கள் கையை நொந்துகொள்கிறீர்கள். அல்லது, இன்னும் விலை கூடிய இழைப்புளி ஒன்றுக்குப் பணம் அனுப்புகிறீர்கள். தேவையானதெல்லாம், இழைப்புளியின் தகட்டை 45 பாகைக்குப் பதில் 50, 55 என்று நிமிர்த்தி நிறுத்துவது, அதன் மேல்தகட்டை வெட்டுமுனைக்கு மிக நெருக்கமாக வைப்பது, கடைசியில் சுரண்டி முடிப்பது. சுரண்டுவதற்கென்று எஃகுத் தகட்டை நீங்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறீர்கள். பட்டறையில் உடைந்த கண்ணாடிச் சில்லை வைத்து அதே வேலையை முடித்துவிடுகிறார்கள். தேக்கில் இன்னொரு தொல்லை உண்டு. அதற்குள் மணலின் சத்தான சிலிக்கா இருப்பதால் முனை சீக்கிரம் மழுங்கும். செர்ரி இழைப்பவர் ஒரு தடவை சாணை பிடிக்கிற நேரத்தில் நீங்கள் பலமுறை பிடிக்க நேர்ந்தால், அது உங்கள் குற்றமில்லை. மெருகுக்கு ‘ஷெல்லாக்’ என்று டப்பா தேடி அலைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது நம் அரக்கு. இந்தியாவில் அது மிகுதியாக விளைவது ஜார்க்கண்டில்.

நம் மரங்களைப் பற்றி நூலே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல நூல்களே இருக்கின்றன. கேம்பிள் தொகுத்த இந்திய மரங்களின் கையேடு 1881இல் வந்தது. பியர்சனும் ப்ரவுனும் சேர்ந்து இந்தியாவின் வணிக மரங்கள் பற்றி 1932இல் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார்கள். டேராடூனில் 1906இல் தொடங்கிய வன ஆராய்ச்சி நிறுவனம் மரங்களை உடைத்தும் வளைத்தும் நசுக்கியும் சோதித்த முடிவுகள் கட்டுக்கட்டாக உண்டு. ஆனால் அவை யாருக்காக எழுதப்பட்டவை? காட்டை ஏலம் விடுகிற அதிகாரிக்கும், தண்டவாளக் கட்டை வாங்குகிற ரயில்வேக்கும், பாலம் கட்டுகிற பொறியாளருக்கும். இந்த மரம் எத்தனை பாரம் தாங்கும் என்பதற்கு அங்கே விடை உண்டு. இதில் புறாவால் மூட்டு அறுத்தால் ஓரம் உதிருமா, வெள்ளைப் பசை பிடிக்குமா, இழைத்து எத்தனை நாழிகைக்குள் ஒட்ட வேண்டும் என்பதற்கு விடை தேடினால் ஏமாற்றம்தான். இந்த இரண்டு வகை நூல்களுக்கும் நடுவே இருக்கிற வெற்றிடம் உங்கள் பெஞ்சின் அளவே ஆனது. அதை நிரப்பக்கூடியவர்களும் நீங்கள்தான்.

அந்த விடைகளில் பெரும்பகுதி ஆசாரிகளிடம் இருக்கிறது. அங்கே உங்களில் பலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது: நல்ல நாள், தேய்பிறை, மனையடி என்று அதில் பாதி மூடநம்பிக்கைதானே? பாதி இருக்கலாம். எந்தப் பாதி என்று சோதிக்காமல் சொல்ல முடியாது என்பதுதான் என் வாதம். தேய்பிறையில் வெட்டிய மரம் உளுக்காது என்பதற்கு உறுதியான சான்று எதையும் நான் காட்ட மாட்டேன். வெட்டிய மூங்கிலையும் கட்டையையும் குளத்தில் ஊறப்போடும் வழக்கத்துக்கோ தெளிவான காரணம் உண்டு: தண்ணீர் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கரைத்து எடுத்துவிடுகிறது, வண்டுக்குச் சோறு குறைகிறது. இரண்டையும் ஒரே வாயால்தான் சொல்லியிருப்பார்கள். பிரித்தெடுப்பது கேட்டவனின் வேலை. தொல்காப்பிய மரபியல், வைரம் வெளிப்புறம் உள்ளவற்றைப் புல் என்றும் உட்புறம் உள்ளவற்றை மரம் என்றும் வகுத்தது. பனையை இழைத்துப் பாருங்கள். கறுத்துக் கெட்டியான நார் முழுக்கப் புறத்தில் இருக்கும், நடுவில் சோறு. அதனால்தான் பனங்கை அறுப்பவர் புறத்தை எடுத்துக்கொண்டு நடுவைத் தள்ளுகிறார். பனையும் மூங்கிலும் புல்லும் ஒருவித்திலை இனம் என்று இன்றைய தாவரவியல் சொல்வதும் அந்தப் பிரிவினைக்கு அருகேதான் வருகிறது. மரத்தை அறுத்துப் பார்த்தவர்கள் சொல்லாமல் அந்த வரையறை ஏட்டுக்கு வந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன். பழைய கட்டடக்கலை நூலான மயமதத்தில் மரமூட்டுகளுக்கென்றே தனி இயல் இருக்கிறது. அதில் ஒரு மூட்டுக்கு மேஷயுத்தம், அதாவது ஆட்டுக்கிடாச் சண்டை, என்று பெயர். இரண்டு கட்டைகள் தலையோடு தலை முட்டி நிற்பதைப் பார்த்தவன் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும்.

ஆசாரி சொல்லித் தர மாட்டார் என்பது அடுத்த மறுப்பு. ஏன் தர வேண்டும் என்று திருப்பிக் கேட்கிறேன். அவருக்கு அது சோறு, உங்களுக்குப் பொழுதுபோக்கு. தலைமுறையாகக் கைமாறி வந்த வித்தையை, ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போகலாம் என்று நினைப்பவரைப் பட்டறை வாசலிலேயே நிறுத்துவதுதான் முறை. அவருடைய பிள்ளைகள் இந்த வேலை வேண்டாம் என்று போனதற்குக் கூலியும் மரியாதையும் குறைந்தது ஒரு காரணம் என்பதையும் மறக்க வேண்டாம். அவர்கள் விட்டுப் போனது உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனந்தமாக இருப்பதில் ஒரு கசப்பு இருக்கிறது. அதை இனிப்புத் தடவி மறைக்க நான் விரும்பவில்லை. செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒரு முழு நாளுக்கு அவருடைய கூலி எவ்வளவோ அதைக் கொடுத்து, அந்த நாளை வாங்குங்கள். இன்ன வேலை செய்து தாருங்கள் என்று சொல்லாமல், கற்றுத் தாருங்கள் என்று கேளுங்கள். சொன்னது யார் என்று எழுதலாமா என்பதையும் அவரிடமே கேட்டு, சரி என்றால் பெயரோடு எழுதுங்கள். வெளிநாட்டு உளி ஒரு செட்டுக்குக் கொடுக்கும் விலையில் இப்படிப் பல நாட்கள் வாங்கலாம்.

“எழுத நாங்கள் யார்? அரைகுறைகள் தானே?” என்பது உங்கள் மறுப்புகளிலேயே அடக்கமானது, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் வரலாறு உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. ஆங்கிலத்தில் மரவேலை பற்றி அச்சேறிய ஆரம்ப நூல்களில் முக்கியமானது, 1670களின் இறுதியில் ஜோசப் மாக்சன் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘மெக்கானிக் எக்ஸர்சைஸஸ்’. மாக்சன் தச்சர் அல்லர். அச்சுத் தொழில் செய்தவர், பூகோள உருண்டைகளும் வரைபடங்களும் தயாரித்தவர். பட்டறைக்குள் போய்ப் பார்த்து, கேட்டு, எழுதினார். அதில் சில இடங்களில் தடுமாற்றம் உண்டு. இருந்தும், 17ஆம் நூற்றாண்டு லண்டன் தச்சன் இழைப்புளியை எப்படிப் பிடித்தான் என்று அறிய இன்றைக்கும் அவரிடம்தான் போகிறார்கள். அதற்குச் சுமார் தொண்ணூறு ஆண்டு கழித்து, 1769 முதல் பிரான்சில் தச்சுக்கலையைப் பெருந்தொகுதிகளாக எழுதிய ரூபோ தாமே தச்சர். அப்படி ஒருவர் அமைவது அபூர்வம். உள்ளே இருப்பவருக்கு எழுதத் தேவை இல்லை, கை அறிந்ததை வாய் சொல்ல வேண்டியதில்லை. வெளியே இருந்து வருகிறவருக்குத்தான் எல்லாம் கேள்வியாகத் தெரிகிறது. உங்கள் அறியாமையே இந்த வேலைக்கு வேண்டிய முதல். நீங்கள் பெரிதும் விரும்பும் நகஷிமாவும் 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் இருந்தவர். அங்குள்ள அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி எழும்பியபோது அந்த வேலையை நேரில் நின்று நடத்தினார். காற்றும் ஈரமும் புகுந்து வெளியேற வேண்டிய ஊருக்கென்று அங்கே தேக்கில் சறுக்குக் கதவுகள் அமைத்தார்கள். அவருடைய 1981ஆம் ஆண்டு நூலை அலமாரியில் வைத்திருக்கும் உங்களில் எத்தனை பேர் அந்தக் கதவுகளைப் போய்ப் பார்த்தீர்கள்?

இப்போது எல்லாமே பிளைவுட்தானே, மரம் விரிந்தால் என்ன சுருங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: பிளைவுட்டே இந்தச் சுருக்கத்துக்கு மனிதன் கண்ட மருந்து, ஒன்றின் குறுக்கே ஒன்றாக நாரை ஒட்டித் திமிற விடாமல் கட்டிப்போட்ட மரம். அதன் ஓரத்தில் நீங்கள் ஒட்டும் தேக்குப் பட்டைக்கு அந்தக் கட்டு கிடையாது. வாங்கும்போது ஐ.எஸ். 303 என்றும் ஐ.எஸ். 710 என்றும் முத்திரை பார்க்கத் தெரிந்தவருக்கு இரண்டும் வேறு வேறு தரம், வேறு வேறு இடத்துக்கு என்பதும் தெரிந்திருக்கும். இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும்: மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே வைத்துவிட்டது. முகமூடி இல்லாமல் ரம்ப இயந்திரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதை நிறுத்துங்கள்.

ஆக, நான் கேட்பது இது. ஒவ்வொருவரும் ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு மரம். வேம்பு, பூவரசு, வாகை, பலா, புளி, நாட்டுக்கருவேலம், எதுவானாலும் சரி. தோதகத்தி வேண்டாம், அதற்கு 1994ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டுக் காக்க வேண்டிய நிலை வந்துவிட்டது, பழைய சாமானில் கிடைத்தால் மட்டும் தொடுங்கள். ஒரு நோட்டில் அந்த மரத்துக்கு உங்கள் ஊரில் என்ன பெயர், எந்த மண்ணில் நின்றது, வெட்டி எத்தனை மாதம் ஆயிற்று, வெளிறு எவ்வளவு என்று எழுதுங்கள். ஓர் ஓரத் துண்டை நறுக்கிச் சமையலறைத் தராசில் நிறுத்து, 103 பாகை செல்சியஸில் எடை மேற்கொண்டு குறையாத வரை அடுப்பில் உலர்த்தி, மீண்டும் நிறுங்கள். குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்தால் அதன் ஈரம் தெரிந்துவிடும். தகட்டை எத்தனை பாகையில் நிறுத்தினால் சிராய் அடங்கியது, எந்தப் பசை எத்தனை நாள் பிடித்தது, ஓராண்டு கழித்து மாவு உதிர்ந்ததா என்பதையும் எழுதுங்கள். தோற்ற வேலையை முக்கியமாக எழுதுங்கள். புத்தகங்களில் அதுதான் கிடைப்பதில்லை. ஆசாரி சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே, ஊர்ப் பெயரோடு குறித்து வையுங்கள். திருநெல்வேலியில் ஒரு மூட்டுக்கு இருக்கும் பெயர் திருவள்ளூரில் இருக்காது, இரண்டும் வேண்டும். தமிழில் எழுதுங்கள் என்று தனியே சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தம், ஆனாலும் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு ஒரு பலகை போதும். 300 மில்லிமீட்டர் அகலத்துக்கு அறுத்து, எண்ணெயோ மெருகோ பூசாமல், வீட்டுக்குள் வெயில் படாத சுவரில் சாய்த்து வையுங்கள். கத்திரி வெயில் முடிகிற அன்று குறுக்கே அளந்து, பின்புறம் பென்சிலால் தேதியோடு எழுதுங்கள். கார்த்திகை மழை விடாமல் பெய்கிற ஒரு நாளில் அதே இடத்தில் மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் மரத்தின் பெயரையும் ஊரையும் ஓர் அஞ்சலட்டையில் இன்னொரு ஞாயிற்றுக்கிழமைத் தச்சருக்கு எழுதிப் போடுங்கள். அவருடைய எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் கூட்டத்தில் ஒருவன்